பனிமலையில் தவழும் ஊசியிலைச் செடிகள்

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறிப் பூப்பாறையைக் கடந்து மூணாறு செல்லும் வழியில் இருப்பது சின்னக்கானல். அது கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அங்குள்ள தேயிலை நிரைகளுக்கிடையே காதில் விழும் பேச்சில் பெரும்பகுதி தமிழ்ப் பேச்சு. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்துவரும் அம்மக்களுக்கு மார்கழிக் குளிரைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் புல்லின்மேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி படிந்திருப்பதை அவர்கள் கண்டவர்கள். அத்தகைய குடும்பங்களில் பிறந்து, இன்று டில்லியிலோ சண்டிகரிலோ டேராடூனிலோ உத்தியோக நிமித்தம் வாழ்வோர், விடுமுறையில் இமயமலைப் பக்கம் சென்று திரும்பும்போது ஒரு கேள்வியை எழுப்புவதுண்டு. எங்கள் ஊரும் குளிர்ந்த மலைதானே, அங்கே ஏன் தேவதாரும் பைனும் தாமாக முளைக்கவில்லை? அவற்றுக்கும் மேலே, பாறையோடு பாறையாகப் படுத்து வளரும் அந்த ஊசியிலைப் புதர்கள் ஆனைமுடியில் ஏன் இல்லை?

கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண, முதலில் அந்தப் புதர்களை அருகில் சென்று பார்ப்போம்.

குலூ பள்ளத்தாக்கில் மணாலியிலிருந்து ரோதாங் கணவாயை நோக்கிப் பழைய சாலையில் ஏறுவோர், சில மணி நேரத்திலேயே பல நாடுகளின் காடுகளைக் கண்டுவிட்ட உணர்வை அடைவர். தொடக்கத்தில் தேவதாரு ஓங்கி நிற்கும். பிறகு பைனும் ஃபர் மரங்களும் வரும். அதற்குமேல் வெண்பட்டை உரிந்து தொங்கும் பூர்ஜ மரம், அதாவது நம் முன்னோர் ஏடெழுதப் பயன்படுத்திய பட்டையைத் தரும் மரம், ஆங்காங்கே வளைந்து நெளிந்து காணப்படும். சுமார் 12,000 அடியை நெருங்கும்போது மரங்கள் திடீரென நின்றுவிடும். காடு முடிந்தது என்று எண்ணுவோம். ஆனால் குனிந்து பார்ப்பவர்களுக்கு அங்கே இன்னொரு காடு உண்டு. முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பளவு. கம்பளி விரித்ததுபோல் பாறைகளைத் தழுவிக் கரும்பச்சையாகப் படர்ந்திருக்கும் அதுவே ஜூனிப்பர். 13,050 அடி உயரமுள்ள கணவாயின் அருகிலும் அது விடாமல் தொடர்கிறது. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் லாஹௌல் செல்வோர் பலர் கணவாயின் அடியிலேயே போய்விடுகின்றனர். நேரம் மிச்சமாகிறது, ஆனால் இந்தக் காட்சி தவறிப்போகிறது.

இமயத்தின் இப்புதர்கள் ஒரே சாதியல்ல. ஊசிபோல் குத்தும் இலைகள் மும்மூன்றாக அமைந்து, ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் வெண்கோடு ஒன்று ஓடுவது சாதாரண ஜூனிப்பர். இலைகள் மீன் செதில்போல் தண்டோடு ஒட்டிக் கிடப்பது மற்றொரு வகை. முன்னது வட அரைக்கோளம் முழுவதும், ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வழியாக அமெரிக்கா வரை பரவியது; ஊசியிலை மரங்களுள் இத்தனை அகன்ற நிலப்பரப்பில் வாழ்வது வேறொன்றில்லை. ஹாலந்து நாட்டார் அதன் காயைச் சாராயத்தில் இட்டு மணமூட்டினர். ஜின் என்னும் மதுவின் பெயரே ஜூனிப்பரின் பெயரிலிருந்து பிறந்தது. நம் ஆயுர்வேத நூல்களில் ஹபுஷை என்றும், வடநாட்டு மருந்துக் கடைகளில் ஹாவுபேர் என்றும் வழங்குவதும் இக்காயே.

என் தொழில் மொழிபெயர்ப்பு. ஆதலால் பெயர்களைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இவ்வினத்தை நாம் ‘ஊசியிலை மரங்கள்’ என்கிறோம்; சிலர் ‘கூம்புக்காய் மரங்கள்’ என்பர். இரண்டும் முற்றிலும் பொருந்துவதில்லை. ஜூனிப்பரின் காய் கூம்பாக இராது. சதைப்பற்றுடன் கருநீலமாக, நாவற்பழத்தின் குட்டிபோல் இருக்கும். நுட்பமாகப் பார்த்தால் அதுவும் கூம்பேதான். செதில்கள் சதையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. விவிலியத்தில் எலியா தீர்க்கதரிசி பாலைவனத்தில் ஒரு செடியின் நிழலில் உட்கார்ந்தார் என்று ஒரு நிகழ்ச்சி வருகிறது. 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அச்செடியை ஜூனிப்பர் என்றது. எபிரேய மூலம் குறிப்பதோ பாலைநிலத்தில் வளரும் வேறொரு புதர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது ‘சூரைச்செடி’ ஆயிற்று. குளிர்நாட்டுச் செடியைக் காணாத நம் மக்களுக்கு, வறண்ட காட்டில் தாம் அறிந்த முட்செடி ஒன்றின் பெயரைக் கொடுத்தவர்களை நான் குறை கூறமாட்டேன். பாலைவனத்துக்கு ஜூனிப்பரைவிடச் சூரையே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

இனி, இச்செடி ஏன் படுத்து வளர்கிறது என்னும் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். உயரத்தில் குளிர் கடுமையாதலால் மரம் வளர இயலவில்லை என்று ஒரே வாக்கியத்தில் கூறிவிடலாம்; அது பாதி உண்மைதான். இலை சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பது குளிரிலும் ஓரளவு நடைபெறும். அவ்வுணவைக் கொண்டு புதிய தண்டையும் புதிய வேரையும் கட்டுவதுதான் நின்றுபோகிறது. செங்கல் வந்து குவிந்தும் கொத்தனார் வேலைக்கு வராத நிலை அது. ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரைச் சேர்ந்த கிறிஸ்டியன் கோர்னர் என்னும் தாவரவியலார் உலகின் பல மலைகளில் அளந்து பார்த்து, மரங்களின் மேலெல்லை எங்கும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் அமைகிறது என்று காட்டினார். வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் சுமார் 6 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையும் இடத்தில் நிமிர்ந்த மரம் நின்றுவிடுகிறது.

நிமிர்ந்த மரத்தின் தலை காற்றில் ஆடுகிறது. காற்றின் வெப்பமே அதன் வெப்பம். தரையோடு கிடக்கும் செடியின் கதை வேறு. வெயில் பட்ட மண்ணும் பாறையும் சூடேறுகின்றன. அடர்ந்த கிளைகள் காற்றை உள்ளே புகவிடாமல் அச்சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தெளிந்த கோடை நாளில் அப்புதரின் உட்புறம் வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரி கூடுதல் வெப்பத்துடன் இருப்பதுண்டு. மலை ஒன்றே, உயரமும் ஒன்றே, ஆனால் படுத்திருப்பவன் வேறொரு சீதோஷ்ணத்தில் வாழ்கிறான். நான்கடி உயர்ந்தால் இழந்துவிடும் சலுகை இது.

இது கோடைக்குரிய நியாயம். குளிர்காலத்தில் பனியே அதற்குப் போர்வை. புதிதாய்ப் பெய்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். பஞ்சு மெத்தைபோல் அது வெப்பத்தைக் கடத்தாமல் தடுக்கிறது. வெளியே கடுங்குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கினாலும், சில அடி ஆழத்தில் புதைந்த புதர் பூஜ்யத்தை ஒட்டிய நிலையில் உறங்கிக் கொண்டிருக்கும். பனிக்குமேல் தலையை நீட்டிய கிளைக்கோ இரு பகைகள். ஒன்று, புயற்காற்று வாரி எறியும் பனித்துகள். மணற்காகிதம்போல் அது இலையின் மெழுகுப் பூச்சைத் தேய்த்துவிடுகிறது. மற்றொன்று தாகம். வசந்தத்தின் தொடக்கத்தில் வெயில் சுள்ளென்று அடிக்க, இலை நீரை இழக்கிறது. வேரிருக்கும் மண்ணோ இன்னும் உறைந்து கிடப்பதால் இழந்த நீரை ஈடு செய்ய முடிவதில்லை. பனியின் நடுவே நின்று, நீரின்றி வாடி, அக்கிளை பழுப்பேறிச் சாகிறது. இவ்வாறு ஆண்டுதோறும் பனியின் மட்டத்துக்குமேல் வந்ததெல்லாம் வெட்டுண்டு போகவே, புதரின் மேற்பரப்பு ரசமட்டம் வைத்துக் கத்தரித்தாற்போல் அமைந்துவிடுகிறது.

ஊசியிலை இனத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. மரத்தின் உடலில் நீர் மெல்லிய குழாய்களில் மேலேறுகிறது. அந்நீர் உறையும்போது அதில் கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரிகிறது. மீண்டும் உருகும்போது குழாய் அகன்றதாயின் குமிழி பெருத்து நீரோட்டத்தையே அறுத்துவிடும். ஊசியிலை மரங்களின் குழாய்கள் மிகக் குறுகியவை. சிறு குமிழிகள் மறுபடியும் நீரிலேயே கரைந்துவிடுகின்றன. குறுகிய குழாயில் நீர் மெதுவாகத்தான் செல்லும். எனவே வளர்ச்சியும் மெதுவாகத்தான் நடக்கும். உறைந்து உறைந்து உருகினாலும் உயிர் தப்புவதற்காக அது செலுத்தும் விலை அது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சில செடிகள் பிறவியிலேயே குட்டையானவை. ஆல்ப்ஸ் மலையின் முகோ பைனும், உயர்மலைச் சாதாரண ஜூனிப்பரும் அத்தகையவை. கீழே கொண்டுவந்து தோட்டத்தில் நட்டாலும் படர்ந்தே வளரும். வேறு சில, உயர்ந்து வளர வேண்டிய மரங்கள். சூழ்நிலை அழுத்தி வைத்ததால் குறுகிக் கிடப்பவை. இந்த இரண்டாம் வகையைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது எளிது. தேயிலை என்பது செடியன்று, மரம். விட்டுவிட்டால் முப்பது அடிக்குமேல் போகும். சில ஆண்டுகளுக்கொரு முறை கவாத்துச் செய்வதாலும், வாரந்தோறும் கொழுந்து கிள்ளுவதாலும் அது இடுப்பளவில் நிற்கிறது. கைவிடப்பட்ட தோட்டத்தில் தேயிலை மரமாகி நிற்பதைப் பலர் கண்டிருப்பர். பனிமலையில் காற்றே கவாத்துக் கத்தி.

அக்கத்தி ஓய்ந்தால் என்ன நேரும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டின் ஃபுலு மலையில் ஒரு சாட்சி நிற்கிறது. அது பதினைந்தடி உயரமே உள்ள ஒரு ஸ்ப்ரூஸ் மரம். அதனடியில் கிடைத்த பழைய மரத்துண்டுகளைக் கதிரியக்கக் கரி முறையில் ஆராய்ந்தபோது 9,550 ஆண்டுகள் பழமையானவை என்று தெரிந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அது தரையோடு கிடந்தது. மண்ணைத் தொட்ட கிளைகள் வேர்விட, பழைய தண்டு மடியப் புதிய தண்டு எழுந்து, ஒரே உயிராகத் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் மலை சற்று வெதுவெதுப்பானதும் நிமிர்ந்து ஒற்றைத் தண்டாக வளரத் தொடங்கியது. கிழக்குச் சைபீரியாவிலும் ஜப்பானின் உயர்மலைகளிலும் உள்ள குட்டைப் பைன் இன்னும் விநோதமானது. இலையுதிர்காலம் முடிந்து குளிர் கடுமையாகும்போது அதன் கிளைகள் தாமே சரிந்து தரையில் படுத்துவிடும். பனி வந்து மூடிக்கொள்ளும். வசந்தத்தில் மீண்டும் எழும். ஜப்பானியர் அதற்கு வைத்த பெயரின் பொருளே ‘தவழும் பைன்’ என்பதாகும்.

இப்போது சின்னக்கானலுக்குத் திரும்புவோம். அவ்வூரைச் சூழ்ந்த மலைகள் சாதாரணமானவை அல்ல. சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறினால், தமிழ்நாட்டு எல்லைக்குள் சுமார் 8,000 அடி உயரத்தில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். அதற்கப்பால் மீசைப்புலிமலை. ஆனைமுடி 2,695 மீட்டர், அதாவது 8,842 அடி. இமயத்துக்குத் தெற்கே இதைவிட உயர்ந்த சிகரம் இந்தியாவில் இல்லை. ஆயினும் பூமத்திய ரேகையை அண்டிய இந்த அட்சரேகையில் மரங்களின் குளிரெல்லை 12,000 அடிக்கும் மேலேதான் அமையும். ஆனைமுடியின் உச்சியிலும் வெப்பநிலை ஒன்றை மட்டும் கருதினால் மரம் வளரலாம்.

சின்னக்கானலின் குளிர் இரவின் குளிர். தெளிந்த வானமுள்ள சனவரி இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவில் இழக்கிறது. கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. அங்கே உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுகிறது. பொழுது ஏறியதும் கம்பளியைக் கழற்றிவிட வேண்டியதுதான். இமயத்தின் குளிரோ அரை ஆண்டு நீடிப்பது. மண்ணையே உறைய வைப்பது. குளிர் என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கிறோம். செடிகள் அவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை. போர்வையாகப் பனி பெய்யாத மலையில் படுத்து வளர்வதால் ஜூனிப்பருக்கு என்ன லாபம்?

தென்மலை தன் குளிருக்கு வேறு ஏற்பாடு செய்துகொண்டது. பள்ளத்து மடிப்புகளில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி. சோலை மரங்களும் காற்றுக்கு அஞ்சிக் குட்டையாய், குடைபோல் தலை கவிழ்ந்து நிற்கும். திறந்த வெளியில் விழும் அவற்றின் நாற்றுகளை உறைபனி கருக்கிவிடுகிறது. புல்லோ மேலே கருகினாலும் வேரில் பிழைக்கிறது. அப்புல்லிடையே பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சி; சின்னக்கானலுக்கு அண்மையிலுள்ள சாந்தன்பாறையின் கள்ளிப்பாறைக் குன்றுகள் 2022-இல் நீலமாயின. அங்கங்கே செந்நிறப் பூவுடன் காட்டுப்பூவரசு. கட்வாலில் வாழும் நம்மவர் புராஞ்ச் என்றறியும் மரத்தின் தென்னாட்டு உறவு அது.

ஊசியிலை இனம் முற்றிலும் இல்லையா என்றால், ஒன்றே ஒன்று உண்டு. மலையாளத்தில் நிறம்பாலி எனப்படும் அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் தானாக வளர்கிறது. ஓங்கி உயர்ந்த மரம், இலை ஊசியுமன்று, அகன்றது, குளிரை விரும்புவதுமன்று. தென்கோளத்து நாடுகளில் மிகுந்துள்ள ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. முன்பு நான் குறை கூறிய ‘ஊசியிலை’ என்ற சொல் இங்கேயும் தோற்கிறது.

இந்த விவரங்களெல்லாம் தாவரநூல் வல்லாருக்கு மட்டும் உரியவை என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. குளிர்ந்த மலை என்றால் பைன் நிற்க வேண்டும் என்ற எண்ணம் வெள்ளையர் காலத்திலிருந்தே நம் நிர்வாகத்தில் இருந்தது. மரமில்லாத புல்வெளி ‘வெற்று நிலம்’ எனக் கருதப்பட்டது. மெக்சிகோ நாட்டுப் பைன், ஆஸ்திரேலியச் சீகை, யூகலிப்டஸ் ஆகியவை புல்வெளிகளில் நடப்பட்டன. கொடைக்கானலிலும் வாகமணிலும் பைன் தோப்புகள் இன்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் இடங்களாக உள்ளன. அழகு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவ்வூசிகள் உதிர்ந்து மெத்தையாகப் படிந்த நிலத்தில் குனிந்து பார்த்தால் புல் முளைத்திராது, குறிஞ்சியும் இராது.

சின்னக்கானல் வட்டாரத்தில் நடப்பட்டது பெரும்பாலும் யூகலிப்டஸ். ஊரார் அதனை ‘கிராண்டிஸ்’ என்பர். தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புக்கும் காகிதக் கூழுக்கும் அது உதவியது. அங்குள்ள நீர்த்தேக்கத்தின் பெயர் ஆனயிறங்கல். யானை இறங்குமிடம் என்பது பொருள். யானைகள் இறங்குவதை நிறுத்தவில்லை. மேய்ச்சலும் வழியும் சுருங்கின. காரணங்கள் பல: தோட்டம், குடியிருப்பு, விடுதி, அயல் மரத்தோப்பு. நியாயவிலைக் கடையின் அரிசியைத் தேடி வந்ததால் ‘அரிக்கொம்பன்’ எனப் பெயர்பெற்ற யானை 2023 ஏப்ரல் 29 அன்று இவ்விடத்தில்தான் பிடிபட்டது. பெரியாறு காட்டில் விடப்பட்டு, கம்பம் நகருக்குள் புகுந்து, சூன் மாதத்தில் மறுபடியும் பிடிபட்டுக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பப்பட்டது. தகர வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்த தொழிலாளியின் அச்சமும் உண்மை. யானையின் பசியும் உண்மை. 2021-இல் கேரள அரசும் 2022-இல் தமிழ்நாடு அரசும் அயல் மரங்களை நீக்கி இயற்கைக் காட்டையும் புல்வெளியையும் மீட்பதைக் கொள்கையாக ஏற்றன. வேலை மெதுவாகத்தான் நடைபெறும். சீகையை வெட்டினால் மண்ணிலுள்ள அதன் விதைகள் ஆயிரக்கணக்கில் முளைக்கின்றன.

தெற்கே வேண்டாத இடத்தில் ஊசியிலை மரம் நட்டோம் என்றால், வடக்கே வேண்டிய இடத்தில் அதை எரித்துக் கொண்டிருக்கிறோம். மரங்களின் எல்லைக்குமேல் சமைப்பதற்கு வேறு விறகு இல்லை. ஜூனிப்பரின் பச்சைக் கிளையும் பிசின் மிகுதியால் பற்றியெரியும். ஆட்டிடையரும் மலையேறுவோரும் தேநீர்க் கடைக்காரரும் அதையே நாடினர். எவரெஸ்ட் சிகரத்தின் அடிவாரத்தில், 1976-இல் தேசியப் பூங்கா ஏற்பட்ட பின்பும், பயணிகள் விடுதிகளின் அடுப்புக்காக இப்புதர்கள் வேரோடு பெயர்க்கப்பட்டன. லடாக்கில் ‘ஷுக்பா’ என வழங்கும் ஜூனிப்பர் மரம் புனிதமானது. அதன் இலைப் புகை இல்லாமல் வழிபாடு இல்லை. ஒரு பிடி இலையை வீட்டார் கிள்ளி எடுப்பதால் செடி சாவதில்லை. மூட்டை மூட்டையாகத் தூபத் தொழிலுக்குப் போவது வேறு விஷயம்.

அதன் வளர்ச்சியைக் கணக்கிட்டால் நஷ்டத்தின் அளவு விளங்கும். மரவளையம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிக்குமாயின், மணிக்கட்டளவு பருமனுள்ள தண்டுக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. அதைக் கொண்டு ஒரு வேளைத் தேநீர் காய்ச்சலாம். புதர் பெயர்ந்த இடத்தில் கோடை மழை மண்ணை அரிக்கிறது. மண் போனபின் விதை விழுந்தும் பயனில்லை. விதையும் எளிதில் முளைப்பதன்று. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. சாதாரண ஜூனிப்பரின் காய் பழுக்க இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். பழத்தைத் தின்ற பறவை விதையை வேறிடத்தில் இடவேண்டும். அப்படி விழுந்த விதையும் கெட்டியான ஓட்டுக்குள் ஓரிரு குளிர்காலம் உறங்கிய பின்னரே கண் விழிக்கும். சிம்லாவிலுள்ள இமாலய வன ஆராய்ச்சி நிலையத்தார் லாஹௌல் பகுதி ஜூனிப்பர் மரத்தின் விதையை நாற்றங்காலில் முளைக்க வைக்கும் முறைகளை ஆராய்ந்துள்ளனர். அவ்வாறு வளர்த்து மலையில் நடும் கன்றும் மிக மெதுவாகத்தான் வளரும்.